கொரியன் யாருக்குக் கஷ்டம்?

என்ர பெரியப்பாவின் மகன், நான் அண்ணா என்று கூப்பிடுற ஆள், கொரியாவுக்குப் போறதுக்காகச் சோதினைக்குப் படிச்சுக்கொண்டிருந்த காலம் அது. நான் ஏ.எல். எழுதிவிட்டு, கம்பஸ் கூப்பிடும்வரை வீட்டில் சும்மா இருந்தேன். டிராமா பார்த்துப் பார்த்து எனக்கும் கொரியன் ஆசை பிடித்திருந்ததால் இரண்டு மூன்று தடவை அவரோட வகுப்புக்குப் போனேன். ஐம்பது அறுபது பெடியள் நெருக்கி இருக்கிற ஒரு மண்டபம். படிப்பிப்பது சிங்களத்தில். தமிழ் ஆக்கள் பின்வாங்கில் ஏழெட்டுப் பேர். ஒருத்தருக்கு விளங்கினதை மற்றவருக்குக் காதுக்குள் சொல்லிக்கொண்டு இருப்பார்கள்.

ஒருநாள் ஆசிரியர் புரொஜெக்டரில் ஒரு யூரியூப் வீடியோ போட்டார். சந்தையில் மரக்கறி விற்கிற ஒரு கொரிய அம்மாவோட ஒரு வெள்ளைக்காரர் கொரியன் கதைக்கிறார். அந்த அம்மா வாயைப் பொத்திச் சிரிக்கிறா, பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட்டுக் காட்டுறா, காசு வாங்காமல் ஒரு கட்டுக் கீரையைக் கையில் திணிக்கிறா. வீடியோ முடிந்ததும் ஆசிரியர் சொன்னார், இங்கிலிஷ்காரனே இப்படிக் கதைக்கிறான், உங்களுக்கு ஏன் ஏலாது என்று.

அண்ணா என்ர பக்கம் குனிஞ்சு, "அவனுக்குத்தானே உண்மையில கஷ்டமா இருக்கோணும்? எங்களுக்கு ஏன் அவனைக் காட்டுறார்?" என்றார்.

அப்போது நான் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். பிறகு கம்பஸில் வரலாறு படிக்கத் தொடங்கி, ஒரு ஒப்படைக்காகக் கொரியா பற்றி வாசித்தபோதுதான் அண்ணா கேட்டது சின்னக் கேள்வி இல்லை என்று பட்டது. கொரிய மொழியைப் படிக்கிற ஆள் என்றதும் எல்லோருக்கும் ஏன் ஒரு இங்கிலிஷ்காரரின் முகம் வருகிறது? அவருக்குக் கஷ்டம் என்றால் மொழியே கஷ்டம், அவர் கதைத்தால் அதிசயம். இந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது?

முதலில் கஷ்டம் பற்றிய கதையைப் பார்ப்போம். அமெரிக்க வெளியுறவுத் திணைக்களம் தன் இராஜதந்திரிகளுக்கு மொழி படிப்பிக்க ஒரு பயிற்சி நிறுவனம் வைத்திருக்கிறது. மொழிகளை எத்தனை கிழமையில் படிக்கலாம் என்று அது வகுத்திருக்கிறது. ஸ்பானிஷ் மாதிரி மொழிகள் ஒரு பக்கம். அரபு, மாண்டரின், கன்டோனீஸ், ஜப்பானியம், கொரியன் ஆகிய ஐந்தும் கடைசிப் பெட்டிக்குள்: 88 கிழமை, 2,200 வகுப்பு மணித்தியாலம். இணையத்தில் "உலகத்திலேயே கஷ்டமான மொழிகள்" என்று சுற்றுகிற பட்டியல்களைத் தோண்டினால் பெரும்பாலும் இந்த இடத்துக்குத்தான் போய் முட்டும். ஆனால் அந்த நிறுவனம் சொல்வது "ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கு" இவ்வளவு காலம் எடுக்கும் என்று. சுற்றிச்சுற்றி வரும்போது அந்தப் பாதி வசனம் எங்கோ விழுந்துபோகிறது. மீதிப் பாதியை வாசித்து நாங்கள் பயப்படுகிறோம்.

நாங்கள் எதற்குப் பயப்பட வேண்டும் என்று பார்த்தால் சிரிப்பு வரும். "நான் பள்ளிக்கூடத்துக்குப் போறன்" என்பதைக் கொரியனில் "நா-நுன் ஹக்யோ-ஏ கா-யோ" என்பார்கள். நான், பள்ளிக்கூடம், அதுக்குப் பின்னால் ஒட்டுகிற வேற்றுமை உருபு, கடைசியில் வினை. எங்கட வரிசைதான். ஒன்றைச் செய்து பார்ப்பதற்கு அவர்கள் "செய்" என்பதோட "பார்" என்ற வினையையே சேர்க்கிறார்கள். ஒருத்தருக்காகச் செய்து கொடுப்பதற்கு, "கொடு". முழுக்கச் சாப்பிட்டு முடித்துவிட்டால், "எறி" என்று பொருள்படுகிற ஒரு வினை துணைக்கு வரும். யாழ்ப்பாணத்தில் "சாப்பிட்டுப் போட்டன்" என்று சொல்கிற அதே வேலை. இங்கிலிஷில் எழுதின பாடப்புத்தகங்களில் இவை ஒவ்வொன்றும் தனி அத்தியாயம், "இதை உங்கள் மொழியில் நேரடியாகச் சொல்ல முடியாது" என்ற எச்சரிக்கையோட. அந்த "உங்கள் மொழி" எங்கள் மொழி இல்லை. சிங்களத்திலும் "கரலா பலன்ன" என்றால் செய்து பார் என்றுதான். அதாவது அன்றைக்கு அந்த மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும், தமிழோ சிங்களமோ, வீடியோவில் வந்த மனுசனை விடப் பாதித் தூரம் முன்னால் நின்றோம். யாரும் எங்களுக்கு அதைச் சொல்லவில்லை.

இதை வைத்துத் தமிழில் இருந்துதான் கொரியன் வந்தது என்று தொடங்கிவிடாதீங்க. அம்மாவை "ஒம்மா" என்றும் அப்பாவை "அப்பா" என்றும் அவர்கள் சொல்வதைக் காட்டி பேஸ்புக்கில் நடக்கிற கூத்து தெரியும்தானே. வினை கடைசியில் வருகிற, உருபு பின்னால் ஒட்டுகிற மொழிகள் உலகத்தில் கனக்க இருக்கு. இரண்டு மொழிகள் ஒரே மாதிரிக் கட்டப்பட்டிருப்பது வேறு, ஒரே வயிற்றில் பிறப்பது வேறு. ஆனால் இந்தப் பேஸ்புக் கூத்துக்கும் ஒரு பூட்டன் இருக்கிறார். அவரும் ஒரு இங்கிலிஷ் பேசுகிற ஆள்தான். அவருக்கு வருவதற்கு முன்னால், முதல் பாடப்புத்தகத்தில் இருந்து தொடங்க வேண்டும்.

19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதிவரை கொரியா வெளியாருக்குப் பெரும்பாலும் பூட்டிய நாடு. ஜோன் ரோஸ் என்ற ஸ்கொட்லாந்து மதபோதகர் உள்ளே போக முடியாமல், பக்கத்தில் மஞ்சூரியாவில் இருந்துகொண்டு, எல்லைக்கு வருகிற கொரிய வியாபாரிகளிடம் மொழி படிக்கப் பார்த்தார். வெளிநாட்டவருக்கு மொழி சொல்லிக்கொடுப்பது கொரியர்களுக்கு ஆபத்தான வேலை. பிடிபட்டால் பெரிய தண்டனை. கடைசியில் அவருக்குக் கிடைத்தவர் உய்ஜு ஊரைச் சேர்ந்த யி உங்-சான் என்ற வியாபாரி. 1877இல் ஷங்காயில் ரோஸின் கொரிய மொழிப் பாடநூல் அச்சானது. ஆங்கிலம் பேசுபவர்களுக்காக எழுதப்பட்ட முதல் கொரியப் பாடநூல் அதுதான். அதில் ஒரு வேடிக்கை: ஆசிரியர் வடமேற்குக்காரர் என்றதால் புத்தகம் முழுக்க அந்த வட்டார வழக்கு. சியோல்காரர்கள் கேட்டால் "இது எந்த ஊர்க் கதை" என்று கேட்பார்கள். யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழைப் படித்துவிட்டு சென்னையில் போய் இறங்கின மாதிரி. அட்டையில் ரோஸின் பெயர் இருக்கிறது. உள்ளே ஒவ்வொரு வசனத்திலும் இருப்பது யி உங்-சானின் நாக்கு.

அதற்குப் பிறகு கதவு திறந்தது. 1885இல் ஹொரேஸ் அண்டர்வுட், 1888இல் கனடாக்காரர் ஜேம்ஸ் கேல். 1890இல் அண்டர்வுட்டின் இலக்கணமும் அகராதியும் வந்தன, 1897இல் கேலின் பெரிய கொரிய-ஆங்கில அகராதி. பிரெஞ்சுக் கத்தோலிக்கக் குருமார் இவர்களை முந்தி 1880இல் அகராதியும் 1881இல் இலக்கணமும் போட்டுவிட்டார்கள். ஆனால் அதை இன்றைக்கு ஆராய்ச்சிக்காரர்களைத் தவிர யாரும் நினைப்பதில்லை. ஆங்கிலக் கிளைதான் வளர்ந்தது.

இந்த மதபோதகர்கள் மேல் கொரியர்களுக்கு வந்த மரியாதைக்கு உண்மையான காரணம் இருக்கு. அதை மறைத்துக்கொண்டு எழுதினால் நியாயமில்லை. அரசர் செஜோங் 1443இல் உருவாக்கி 1446இல் வெளியிட்ட எழுத்து, இன்றைக்கு நாங்கள் ஹங்குல் என்று சொல்வது, அதற்குப் பிறகு நான்கு நூற்றாண்டாகப் பெண்கள், ஏழைகள், கதைப் புத்தகம் வாசிப்பவர்களின் எழுத்தாகத்தான் இருந்தது. படித்த மேல்தட்டு ஆண்களுக்குச் சீன எழுத்துத்தான் எழுத்து. அந்த நேரத்தில் வெளியில் இருந்து வந்தவர்கள் பைபிளையும் பாடநூலையும் ஹங்குலில் அச்சடித்தார்கள். தங்கள் வேலைக்காகத்தான் செய்தார்கள், சாதாரண சனத்தைப் பிடிக்க வேண்டும் என்றால் சாதாரண சனத்தின் எழுத்துத்தான் வேண்டும். ஆனாலும் செய்தார்கள்.

இவர்களில் தனியாக நிற்பவர் ஹோமர் ஹல்பர்ட். 1886இல் அரச ஆங்கிலப் பள்ளியில் படிப்பிக்க வந்த அமெரிக்கர். ஐந்து வருடத்துக்குள் உலகப் புவியியல் பற்றி முழுக்க ஹங்குலில் ஒரு பாடநூல் எழுதிவிட்டார். படித்தவர்கள் தங்கள் சொந்த எழுத்தை இளக்காரமாகப் பார்ப்பதை அதன் முன்னுரையில் நேராகவே குறைப்பட்டுக்கொண்டார். பிறகு ஜப்பான் கொரியாவை விழுங்கத் தொடங்கியபோது அரசர் கோஜொங்கின் சார்பில் வெளிநாடுகளுக்குத் தூது போனார். 1949இல் எண்பத்தாறு வயதில் சியோலுக்குத் திரும்பி வந்து, ஒரு கிழமையில் அங்கேயே செத்தார். ஹான் ஆற்றங்கரையில் யாங்ஹ்வாஜின் சேமக்காலையில் புதைத்திருக்கிறார்கள். 2014ஆம் ஆண்டு ஹங்குல் தினத்தில் கொரிய அரசு அவருக்கு உயர்ந்த பண்பாட்டு விருது ஒன்றைக் கொடுத்தது.

நான் சொன்ன பூட்டன் இவர்தான். 1905இல் சியோலில் ஹல்பர்ட் ஒரு புத்தகம் போட்டார்: கொரிய மொழிக்கும் இந்தியாவின் திராவிட மொழிகளுக்கும் ஒப்பிலக்கணம். கால்டுவெல் 1856இலேயே திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதி வழி போட்டிருந்தார். ஹல்பர்ட் தமிழையும் கொரியனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சொல் சொல்லாக, உருபு உருபாகப் பார்த்தார். அவரின் முடிவை இன்றைய மொழியியலாளர்கள் ஏற்பதில்லை. ஆனால் எனக்கு அந்த முடிவு முக்கியமில்லை. கொரியன் படித்த ஒரு இங்கிலிஷ்காரர், தன் மொழி இதற்கு எந்த வகையிலும் உதவாது என்று கண்டு, தமிழைப் பார்த்தால் விளங்கும் என்று நினைத்திருக்கிறார் பாருங்க. 1905இல் அவருக்குப் பட்டது. எங்கட வகுப்புக்கு வந்து சேரவில்லை.

அது வந்து சேராமல் போனதற்கு ஒரு காரணம் எழுத்து. 1939இல் ஜோர்ஜ் மக்கியூன், எட்வின் ரைஷவர் என்ற இரண்டு அமெரிக்கர்கள், கொரிய மொழியறிஞர்களைக் கேட்டு, கொரியனை ரோம எழுத்தில் எழுதுகிற முறை ஒன்றை வெளியிட்டார்கள். பல தசாப்தங்களாக நூலகங்களும் பாடநூல்களும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தன. கொரியனில் ஒரே எழுத்து சொல்லின் முதலில் வல்லோசையாகவும், நடுவில் மெல்ல இளகியும் ஒலிக்கும். ஆங்கிலக் காதுக்கு அது இரண்டு வேறு ஒலி, அதனால் அந்த முறையில் முதலில் வந்தால் ஒரு ரோம எழுத்து, நடுவில் வந்தால் வேறு ரோம எழுத்து. 2000இல் அரசு முறையை மாற்றியபோது புசான் நகரத்தின் முதல் எழுத்தே ரோமனில் மாறிப்போனது. ஊர்ப் பலகையெல்லாம் மாற்ற வேண்டி வந்தது. ஹங்குலில் அந்த ஊரின் பெயர் ஒரு கோடுகூட மாறவில்லை.

இப்ப தமிழுக்கு வாங்க. புகையிலைக்குக் கொரியனில் ஒரு சொல். அதைத் தமிழில் "தம்பே" என்று எழுதுகிறேன். வாசியுங்க. "தம்பி"யில் வருகிற மாதிரியே, மகரத்துக்குப் பின்னால் வருகிற பகரம் தானாக மெலிந்துவிட்டது. முட்டாளுக்கு "பாபோ". முதல் பகரம் ஒரு மாதிரி, இரண்டாவது வேறு மாதிரி. யாரும் சொல்லித்தராமல் வாசித்தீர்கள்தானே? ஒரே எழுத்து இடத்துக்கு ஏற்ற மாதிரி ஒலிப்பது எங்களுக்கு விதியே இல்லை, பழக்கம். ஆங்கிலப் புத்தகங்கள் வாயைக் கோணலாக்கிப் படம் போட்டுச் சொல்லித்தருகிற ஒரு உயிரொலி கொரியனில் இருக்கு, உதடு குவியாத உகரம். "பாட்டு", "காது" என்று சொல்லும்போது கடைசியில் வருவது அதுதான். ஓ.எல். தமிழ்ப் புத்தகத்தில் குற்றியலுகரம் என்று படித்து, எதுக்கடா இதெல்லாம் என்று திட்டினோமே, அது. எல்லாமே சுலபம் என்று சொல்ல வரவில்லை. காற்றை ஊதிச் சொல்கிற வல்லினமும், தொண்டையை இறுக்கிச் சொல்கிற வல்லினமும் எனக்கு இன்னும் ஒழுங்காப் பிரியாது. ஆனால் எங்களுக்கு வருகிற கஷ்டம் வேறு இடத்தில் இருக்கு. தமிழன் கொரியனை ஆங்கில எழுத்து வழியாகப் படிக்கும்போது தனக்கு இல்லாத கஷ்டத்தைக் காசு குடுத்து வாங்குகிறான், இருக்கிற கஷ்டத்துக்கு விளக்கம் கிடைக்காமல் நிற்கிறான்.

மதபோதகர்களுக்குப் பிறகு வந்தவர்கள் படையினர். 1945 செப்டெம்பரில் அமெரிக்கப் படை தென்பகுதிக்கு வந்து இறங்கியது. படை ஆட்சிக் காலம் முழுக்க ஆங்கிலம்தான் அலுவல் மொழி என்று ஜெனரல் மக்ஆர்தரின் முதல் பிரகடனம் சொன்னது. இதை வாசித்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் விளங்கவில்லை. முப்பத்தைந்து வருடம் ஜப்பானியர் கீழ் இருந்து, பள்ளிக்கூடங்களில் சொந்த மொழியையே இழந்து, அகராதி தொகுத்ததற்காக 1942இல் கொரிய மொழிச் சங்கத்து ஆட்கள் சிறைக்குப் போய், கடைசியில் விடுதலை என்று வந்த மாதத்தில் இன்னொரு மொழி அலுவல் மொழி. ஆட்சியாளர்கள் கொரியன் படிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. ஆங்கிலம் தெரிந்த கொரியர்கள்தான் அவர்களுக்குக் காதும் வாயும். மூன்று வருடத்தை "மொழிபெயர்ப்பாளர் ஆட்சி" என்று கொரியர்களே கிண்டலாகச் சொல்வார்கள்.

மொழி படிக்கத் தேவையில்லாதவன் ஒருத்தன் படித்தால் அது அன்பு. படித்தே ஆக வேண்டியவன் படித்தால் அது வெறும் தகுதி. சந்தையில் அந்த அம்மா கீரை கொடுத்ததற்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

யுத்தத்துக்குப் பிறகு 1954இல் சாமுவேல் மார்ட்டின் என்ற மொழியியலாளர் வெளியிட்ட பாடநூலின் பெயரே "அவசரத்தில் கொரியன்" என்ற மாதிரி. யாருக்கு அவசரம் என்று கேட்கத் தேவையில்லை. 1959இல் யொன்செய் பல்கலைக்கழகம் வெளிநாட்டவருக்குக் கொரியன் படிப்பிக்கத் தொடங்கியபோது வகுப்பில் முதலில் இருந்தவர்களும் மதபோதகர்கள்தான். 1966இல் இருந்து 1981வரை அமெரிக்க அமைதிப் படைத் தொண்டர்கள் வந்தார்கள், கிராமங்களில் இருந்து நன்றாகவே மொழி படித்தார்கள். அவர்களில் ஒருவரான கத்லீன் ஸ்டீபன்ஸ் 1970களில் யேசான் என்ற ஊரில் ஆங்கிலம் படிப்பித்தவர், 2008இல் அமெரிக்கத் தூதுவராகவே திரும்பி வந்தார். தூதுவர் கொரியன் பேசுகிறார், அவருக்குச் சிம் உன்-க்யோங் என்று கொரியப் பெயர்கூட இருக்கு என்று பத்திரிகைகள் கொண்டாடின. கொண்டாட வேண்டிய விடயம்தான். அதே 2008இல் புதிய ஜனாதிபதிக்குப் பொறுப்பேற்புக் குழுவை நடத்தியவர், தோடம்பழத்துக்கு உரிய ஆங்கிலச் சொல்லைக் கொரிய எழுத்தில் அமெரிக்கர் உச்சரிப்பது போல மாற்றி எழுத வேண்டும் என்று சொல்லி நாடு முழுக்கச் சிரிப்புக்கு ஆளானார். ஒரு பக்கம் அவர்கள் எங்கள் மொழியைப் பேசுகிறார்கள் என்ற பூரிப்பு, மறுபக்கம் எங்கள் எழுத்தே அவர்களின் வாய்க்கு ஏற்ப வளைய வேண்டும் என்ற பதற்றம்.

1990களுக்குப் பிறகு "வொனோமின்" என்ற சொல் ஒரு தொழிலின் பெயராகவே ஆகிவிட்டது. அந்த மொழியிலேயே பிறந்தவர் என்று அர்த்தம். ஆனால் தெருவில் "வொனோமின் ஆசிரியர்" என்றால் ஆங்கிலம் படிப்பிக்க வந்த வெளிநாட்டவர் என்றுதான் விளங்குவார்கள். அவர்களுக்கு ஈ-2 விசா. அமெரிக்கா, கனடா, பிரித்தானியா, அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா ஆகிய ஏழு நாட்டுக் கடவுச்சீட்டு வேண்டும். கொரியன் தெரிய வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. பத்து வருடம் சியோலில் இருந்தும் சாப்பாடு வாங்குகிற அளவுக்கு மட்டும் கொரியன் வைத்திருப்பவர்கள் உண்டு. அதை யாரும் குற்றமாக எடுப்பதில்லை.

அதற்குள்ளேயே விதிவிலக்காகத் தொலைக்காட்சியில் ஒளிர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ரொபர்ட் ஹாலி என்ற அமெரிக்கச் சட்டத்தரணி கொரியக் குடியுரிமை எடுத்து, புசான் பக்கத்துக் கொச்சையில் வெளுத்து வாங்கிப் பிரபலமானார். அவுஸ்திரேலியரான சாம் ஹாமிங்டன் கொரிய நகைச்சுவை மேடையிலேயே ஏறினார். இவர்கள் கஷ்டப்பட்டுப் படித்தவர்கள், அதில் சந்தேகமில்லை. வெள்ளைக்காரர் ஒருவர் நாட்டுப்புறப் பேச்சுப் பேசுவதில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு அவருக்குச் சாதகமான சிரிப்பு.

எங்கட நாட்டுக்காரருக்கும் அந்த மேடையில் ஒரு இடம் கிடைத்தது. 2004இல் கே.பி.எஸ். தொலைக்காட்சியின் நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்றில் "பிளாங்கா" என்ற பாத்திரம் வந்தது. இலங்கையில் இருந்து வந்த தொழிலாளி. நடித்தவர் ஜொங் சொல்-க்யூ என்ற கொரியர். உடைந்த கொரியனில், "முதலாளி கூடாது" என்று அர்த்தம் வருகிற ஒரு வசனத்தை அவர் சொல்லச் சொல்ல நாடே திருப்பிச் சொன்னது. பிளாங்கா என்று எங்கட ஊரில் யாருக்குப் பெயர் இருக்கு? நாட்டின் பெயரோட எதுகை சேருவதால் வந்திருக்க வேண்டும். ஒன்றைச் சொல்லத்தான் வேணும்: சம்பளம் தராதது, அடிப்பது, ஏசுவது என்று உண்மையான அநியாயங்களை அந்தப் பாத்திரம் பேசியது, அது வரைக்கும் தொலைக்காட்சியில் யார் அதைப் பேசினார்கள்? ஆனால் சிரிப்பு எங்கே வருகிறது என்று பாருங்க. ஹாலி கொரியன் சரியாப் பேசுவதில் சிரிப்பு. பிளாங்கா பிழையாப் பேசுவதில் சிரிப்பு.

அதே 2004 ஓகஸ்டில்தான் வெளிநாட்டுத் தொழிலாளர்களைக் கொண்டுவருகிற புதிய வேலை அனுமதி முறையைக் கொரியா தொடங்கியது. முதலில் ஒப்பந்தம் போட்ட ஆறு நாடுகளில் இலங்கையும் ஒன்று. அடுத்த வருடத்தில் இருந்து மொழிச் சோதினை கட்டாயம் ஆனது. அதாவது ஈ-2 விசாவுக்குத் தேவைப்படாத கொரியன், ஈ-9 விசாவுக்குத் தேவை. இன்றைக்கு அந்தச் சோதினையில் வாசித்தலும் கேட்டலும்தான். இருநூறு புள்ளி. பேசத் தெரியுமா என்று கேட்பதில்லை. பாடங்கள் இயந்திரம், பாதுகாப்புத் தலைக்கவசம், விடுதி, ஆஸ்பத்திரி, முதலாளிக்கு எப்படி வணக்கம் சொல்வது. கட்டளையை விளங்கிக்கொள்கிற காது வேண்டும், வாய் அவ்வளவு அவசரமில்லை என்று நான் வாசிக்கிறேன். சோதினை போட்டவர்களுக்கு ஆயிரம் நடைமுறைக் காரணம் இருக்கும். ஆயிரக்கணக்கானோருக்கு ஒரே நாளில் பேச்சுச் சோதினை வைக்க ஏலாதுதான். எப்படியோ, விளைவு இதுதான்.

ஆங்கிலக்காரரின் இடம் முழுக்கச் சொகுசு என்றும் இல்லை. எவ்வளவு நல்லாக் கொரியன் பேசினாலும் பதில் ஆங்கிலத்தில் வருகிறது என்பது அவர்களின் நிரந்தரக் குறை. அதிசயமாகவே பார்க்கப்படுகிற ஆள் ஒருநாளும் சாதாரண ஆளாக முடியாது. டெபோரா ஸ்மித்துக்கு நடந்ததைப் பாருங்க. 2010இல் கொரியன் படிக்கத் தொடங்கிய பிரித்தானியர், ஹான் காங்கின் "தி வெஜிடேரியன்" நாவலை மொழிபெயர்த்து 2016இல் இருவருக்கும் சேர்த்து மான் புக்கர் சர்வதேசப் பரிசு கிடைத்தது. ஆறு வருடத்தில் இப்படியா என்று கொரியப் பத்திரிகைகள் தலையில் தூக்கி வைத்தன. அடுத்த வருடமே பிழைப் பட்டியல்கள் வந்தன. சொல் பிழைகளோட, சில இடங்களில் எழுவாயையே மாற்றிவிட்டார் என்ற குற்றச்சாட்டு. எனக்கு அந்தப் பிழை சுவாரசியம். கொரியனிலும் எங்களைப் போலவே எழுவாயைச் சொல்லாமல் விடுவார்கள். "சாப்பிட்டாச்சா?" "ஓம், வந்து பார்த்திட்டுப் போட்டினம்." யார் சாப்பிட்டார், யார் வந்தார், கேட்பவருக்குத் தெரியும். ஆங்கிலத்தில் ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு ஆளைக் கொண்டுவந்து நிறுத்தியே ஆக வேண்டும், சிலவேளை பிழையான ஆள் வந்து நிற்பார். ஹான் காங்கைத் தமிழாக்குபவர்கள் பலர் ஆங்கிலம் வழியாகத்தான் வருகிறார்கள். எழுவாய் இல்லாத வசனத்துக்கு ஆங்கிலம் ஒரு எழுவாயைச் சேர்த்து, தமிழ் அதைத் திரும்பச் சுமக்கிறது.

அண்ணா இரண்டாவது தடவையில் பாஸ் பண்ணினார். இப்ப போய் மூன்று வருடம். சியோலுக்குத் தெற்கே ஒரு தொழிற்சாலையில் இரும்புத் தகடு வெட்டுகிற வேலை. போன மாதம் கதைக்கும்போது அந்த வீடியோ ஞாபகம் இருக்கா என்று கேட்டேன். சிரித்தார். "கீரை ஒருத்தரும் தரேல்ல" என்றார். பிறகு யோசித்துவிட்டுச் சொன்னார்:

"நல்லாக் கதைக்கிறாய் எண்டு எனக்கும் சொல்லுவினம்டா. ஆனா அதில ரெண்டு விதம் இருக்கு. எங்கட இடத்துக்கு இயந்திரம் பார்க்க ஒரு அமெரிக்கன் வந்தவன். வணக்கம் மட்டும்தான் சொன்னவன். மனேஜர் அவனுக்கு 'ஜல் ஹசினேயோ' எண்டார். எனக்கு 'ஜல் ஹனே'."

இதை இங்கிலிஷில் மொழிபெயர்த்தால் இரண்டும் ஒரே வசனம். தமிழில் பெயர்க்கலாம்: முதலாவது "நல்லாக் கதைக்கிறீங்களே", இரண்டாவது "நல்லாக் கதைக்கிறியே". வெளிநாட்டுத் தொழிலாளர்களோட மரியாதை விகுதி இல்லாமல் பேசுவது பற்றி வருடக்கணக்காக முறைப்பாடு இருக்கு. ஆனால் பாராட்டிலும் அது இருக்கும் என்று நான் யோசித்திருக்கவில்லை. மனேஜருக்கு அண்ணாவை விட வயது கூட, அந்த "ஹனே"யில் அன்பும் இருந்திருக்கலாம், பெரியவர் சின்னவரோட பேசுகிற மாதிரி. நான் அதைச் சொன்னேன். "இருக்கலாம்" என்றார் அண்ணா. "அந்த அமெரிக்கனுக்கு என்னைவிட வயது குறைவு."

அவர் படித்த காலத்துக் கொப்பி எங்கட வீட்டில்தான் இருந்தது. நீலப் பேனையால் எழுதின 80 பக்கக் கொப்பி. ஒரு பக்கம் ஹங்குல், எதிரே தமிழ் எழுத்தில் ஒலி, அதுக்கு எதிரே அர்த்தம். ஆங்கில எழுத்து ஒன்றுகூட இல்லை. மூன்றாம் பக்கத்தில் "தம்பே – புகையிலை – (தம்பி மாதிரி)" என்று எழுதியிருக்கு. ஊதிச் சொல்ல வேண்டிய எழுத்துகளுக்கு மேல் ஒரு சின்ன வட்டம், இறுக்கிச் சொல்ல வேண்டியதுக்கு ஒரு கோடு. அவர் ஓ.எல். வரைதான் படித்தவர், யாரும் அவருக்கு இதைக் காட்டிக்கொடுக்கவில்லை. இந்தக் கட்டுரைக்காகப் படம் எடுக்கலாம் என்று போன கிழமை தேடினேன், கிடைக்கவில்லை. பின்வாங்கில் அவரோட இருந்த பெடியனின் தம்பி அடுத்த சோதினைக்கு இருக்கிறானாம். பெரியம்மா கொப்பியை அவனிட்டக் குடுத்துவிட்டா.